பப்மெட் பதிவுகளை இறக்கும் நிரல் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிய பதிவுகளை பப்மெட் தரவுத்தளத்திலிருந்து நிரல் வழியாக எடுக்க வேண்டுமென்றால் ‘ஈ-யுடிலிட்டீஸ்’ என்ற இணையச் சேவையைத்தான் நாட வேண்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கீழ் இயங்கும் என்சிபிஐ அதை இலவசமாக நடத்துகிறது. வேலை இரண்டு கட்டம். ‘ஈ-சர்ச்’சிடம் தேடுசொல்லைக் கொடுத்தால் பொருந்தும் கட்டுரைகளின் அடையாள எண்களைத் தரும். பிஎம்ஐடி என்று சொல்வது அந்த எண்ணைத்தான். அந்த எண்களை ‘ஈ-ஃபெட்ச்’சிடம் கொடுத்தால் தலைப்பு, ஆசிரியர், ஆய்வுச் சுருக்கம் எல்லாம் அடங்கிய முழுப் பதிவு எக்ஸ்எம்எல்லாக வரும்.

பாம்புக்கடி சிகிச்சை குறித்த கட்டுரைகளைத் தொகுத்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவர் குழுவுக்காக இப்படியொரு நிரலை பைத்தானில் எழுதினேன். கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை அப்போது நான் நேரில் பார்த்தவை. சிவப்பு எழுத்தில் கத்தும் பிழைகள் சுலபம், தேடினால் விடை கிடைத்துவிடும். சத்தமே போடாமல் தவறான தரவைக் கொடுத்துவிட்டுப் போகும் பிழைகளுக்குத்தான் இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். அந்தத் தரவை நம்பி ஒரு மருத்துவர் முடிவெடுக்கக்கூடும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு காரியம் செய்யுங்கள். நிரல் அனுப்பிய முழு முகவரியை அச்சிட்டு, உலாவியில் ஒட்டிப் பாருங்கள். அடுத்து, வந்த பதிலை எதுவும் செய்யாமல் அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். பாதிப் பிழைகள் இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

பழைய நிரல், ஒன்றுமே வரவில்லை

யாரோ பத்து வருடத்துக்கு முன் எழுதிய நிரலை ஓட்டுகிறீர்களா? சோப் என்ற பழைய இணையச்சேவை முறையில் எழுதியதென்றால் அதைத் திருத்திப் பயனில்லை. அந்தச் சேவையை என்சிபிஐ 2015 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. சாதாரண முகவரி வழியாகக் கேட்பதாக இருந்தால், முகவரியின் தொடக்கம் எச்டிடிபிஎஸ் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 2016-இல் அங்கே எல்லாம் அதற்கு மாறிவிட்டது.

எதைத் தேடினாலும் 20 பதிவுதான் வருகிறது

எத்தனை எண்கள் வேண்டும் என்று சொல்லும் ‘ரெட்மேக்ஸ்’ மதிப்பைக் கொடுக்கவில்லை என்றால் ஈ-சர்ச் 20 எண்களோடு நிறுத்திக்கொள்ளும். மொத்தம் எத்தனை பொருந்தியது என்பதைப் பதிலில் உள்ள ‘கவுன்ட்’ சொல்லும். ஜேசனில் கேட்டிருந்தால் இந்த கவுன்ட் எண்ணாக வராது, மேற்கோள் குறிக்குள் சரமாக வரும். அதை இன்ட்டாக மாற்றாமல் ஒப்பிட்டால் “20”, “9”-ஐவிடச் சிறியது என்று பைத்தான் சாதிக்கும்.

பத்தாயிரத்தைத் தொடும் இடத்தில் நின்றுவிடுகிறது

முன்பெல்லாம் எத்தனையாவது பதிவிலிருந்து தொடங்குவது என்று சொல்லும் ‘ரெட்ஸ்டார்ட்’டை ஏற்றிக்கொண்டே போனால் லட்சம் எண்கள்கூட வரும். 2022-இல் பப்மெட்டுக்கு மட்டும் இந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது ஒரு தேடலுக்கு ஏறத்தாழ முதல் பத்தாயிரம்தான். தேடல் முடிவை என்சிபிஐ வழங்கியிலேயே வைத்துக்கொள்ளும் ஹிஸ்டரி வசதியைப் பயன்படுத்தினாலும் இதே வரம்பு. வேறு தரவுத்தளத்துக்கு எழுதிய பழைய எடுத்துக்காட்டை நகலெடுத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

தேடலைத் தேதிவாரியாக வெட்டுவதே வழி. ‘மின்டேட்’, ‘மேக்ஸ்டேட்’ இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எந்தத் தேதியை வைத்து வெட்டுவது என்பதையும் யோசியுங்கள். வெளியீட்டுத் தேதியில் வெட்டினால், டிசம்பரில் இணையத்திலும் பிப்ரவரியில் அச்சிலும் வந்த கட்டுரை இரண்டு ஆண்டுத் துண்டுகளிலும் அகப்படும். நான் பப்மெட்டில் பதிவு சேர்ந்த தேதியை வைத்து வெட்டுகிறேன். ‘டேட்டைப்’ என்பதில் ‘ஈடேட்’ என்று கொடுத்தால் அது நடக்கும். எப்படி வெட்டினாலும் பிஎம்ஐடிகளை லிஸ்ட்டில் சேர்க்காமல் செட்டில் சேருங்கள்.

லட்சக்கணக்கில் வேண்டுமென்றால் இந்தச் சேவையை வாட்டாதீர்கள். பப்மெட் முழுவதையும் ஆண்டுக்கொருமுறை கோப்புகளாகவே வெளியிடுகிறார்கள், அன்றாட மாற்றங்களையும் தனிக் கோப்புகளாகத் தருகிறார்கள். அதை இறக்கி உங்கள் கணினியிலேயே தேடிக்கொள்ளலாம்.

429 என்று வருகிறது, ஆனால் நான் மெதுவாகத்தானே கேட்கிறேன்?

ஏபிஐ சாவி இல்லாமல் கேட்டால் நொடிக்கு 3 கோரிக்கை, சாவியோடு கேட்டால் 10. மீறினால் 429. இது எல்லோருக்கும் தெரியும். மெதுவாகக் கேட்டும் 429 வந்தால்தான் குழப்பம்.

ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுத்தபோது இது நடந்தது. எல்லோர் நிரலிலும் கோரிக்கைக்குக் கோரிக்கை ஒரு நொடி இடைவெளி வைத்திருந்தோம். ஐந்தாறு பேர் ஓட்டத் தொடங்கியதுமே வரிசையாக 429. பதிலின் உடலைத் திறந்து பார்த்தேன். வரம்பு மீறியதாக ஒரு வரி, அதன் அருகே ‘ஏபிஐ-கீ’ என்ற இடத்தில் ஓர் ஐபி முகவரி. சாவி இல்லாதவர்களை ஐபி முகவரியை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் கூடத்திலிருந்த எல்லாக் கணினியும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரிந்தன. அத்தனை பேரும் சேர்ந்து நொடிக்கு மூன்றைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொருவரும் என்சிபிஐ கணக்குத் தொடங்கி, அமைப்புப் பக்கத்தில் தமக்கென ஒரு சாவி எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. காசு கிடையாது. சாவியை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் வையுங்கள். நிரலை கிட்ஹப்பில் ஏற்றும்போது சாவியும் கூடவே போய்விட்டால் உங்கள் பங்கை வேறு யாரோ தின்பார்கள்.

சாவி இருந்தும் 429 வந்தால் இழைகளைப் பாருங்கள். நான்கு இழைகள் தனித்தனியாகத் தூங்கி எழுந்தால் வேகம் நான்கு மடங்கு. இடைவெளியைக் கணக்கிடும் பொறுப்பு எல்லா இழைகளுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்க வேண்டும். 429 வந்ததும் உடனே திரும்பக் கேட்காமல் ஒரு நொடி, அடுத்து இரண்டு, அடுத்து நான்கு என்று காத்திருந்து கேளுங்கள். ‘டூல்’, ‘ஈமெயில்’ என்ற இரண்டு அளபுருக்களையும் மறக்காமல் நிரப்புங்கள். உங்கள் நிரல் அத்துமீறினால் தடுப்பதற்குமுன் உங்களைத் தொடர்புகொள்ளவே அவற்றைக் கேட்கிறார்கள்.

பெரிய வேலைகளை வார இறுதியிலோ, வார நாட்களில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையோ ஓட்டச் சொல்கிறார்கள். நமக்கு அது வசதியான நேரம். அங்கே கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் இந்திய நேரம் காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரை, மற்ற மாதங்களில் காலை 7.30 முதல் 3.30 வரை. காலையில் ஓட விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

இணையதளத்தில் தேடினால் ஓர் எண்ணிக்கை, நிரலில் வேறு எண்ணிக்கை

ஆவணங்களில் உள்ள எடுத்துக்காட்டுகளில் சொற்களுக்கு இடையே கூட்டல் குறி போட்டிருப்பார்கள். முகவரியில் அது இடைவெளியைக் குறிக்கும். அதே சரத்தை நகலெடுத்து ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் ‘பேரம்ஸ்’ அகராதிக்குள் போட்டால், நூலகம் அந்தக் கூட்டல் குறியையே குறியாக்கம் செய்துவிடும். சேவைக்கு இடைவெளி போய்ச்சேராது, நிஜமான கூட்டல் குறி போய்ச்சேரும். சதுர அடைப்புக் குறிகளை நீங்களே விழுக்காட்டுக் குறியாக மாற்றிக் கொடுத்தாலும் இதே கதை, இருமுறை குறியாக்கம் ஆகும். அகராதிக்குள் போடும் தேடுசொல் மனிதர் எழுதுகிற மாதிரியே, வெறும் இடைவெளியோடு இருக்கட்டும்.

இதைக் கண்டுபிடிக்க நேரான வழி இருக்கிறது. ஈ-சர்ச் பதிலில் ‘குவரி டிரான்ஸ்லேஷன்’ என்று ஒரு பகுதி வரும். உங்கள் தேடுசொல்லை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பது அதில் வரிக்கு வரி இருக்கும். இணையதளத்தின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். கிடைக்காத சொற்றொடர்களை ‘எரர் லிஸ்ட்’, ‘வார்னிங் லிஸ்ட்’ பகுதிகளில் சொல்லியிருப்பார்கள். நிரல் எழுதுகிற பலர் கவுன்ட்டையும் எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றைப் பார்ப்பதே இல்லை.

எண்ணிக்கை குறைவதற்கு நிரலைச் சாராத காரணமும் உண்டு. கட்டுரைகளுக்கு நூலகம் ஒட்டும் பொருள் தலைப்புகளை மெஷ் என்பார்கள். ‘ஸ்நேக் பைட்ஸ்’ என்ற மெஷ் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால், மெஷ் ஒட்டப்படாத பதிவுகள் வராது. பப்மெட்டில் அப்படிப்பட்டவை நிறைய. மெஷ்ஷோடு தலைப்பு-சுருக்கத் தேடலையும் ‘ஆர்’ போட்டு இணையுங்கள்.

414 அல்லது முகவரி மிக நீளம் என்ற பிழை

நூற்றுக்கணக்கான பிஎம்ஐடிகளை முகவரியிலேயே கோத்திருப்பீர்கள். 200-க்கு மேல் போனால் கெட்டை விட்டு போஸ்ட்டுக்கு மாறச் சொல்கிறது ஆவணம்.

ஜேசன் படிக்க முடியவில்லை, முதல் வரி முதல் எழுத்திலேயே பிழை

ஈ-சர்ச், பதிவின் சுருக்க விவரம் தரும் ஈ-சம்மரி இரண்டும் ஜேசன் தரும். பப்மெட் பதிவுகளுக்கு ஈ-ஃபெட்ச் ஜேசன் தராது, எக்ஸ்எம்எல்லோ வெறும் உரையோதான். சரியான இடத்தில் கேட்டும் இந்தப் பிழை வந்தால் பதிலின் முதல் 300 எழுத்துகளை அச்சிடுங்கள். பெரும்பாலும் பராமரிப்பு அறிவிப்போ, கல்லூரி வைஃபையின் உள்நுழைவுப் பக்கமோ எச்டிஎம்எல்லாக உட்கார்ந்திருக்கும்.

200 என்று வந்தது, பதிவு மட்டும் இல்லை

நிலைக் குறியீடு 200 என்றால் வேலை முடிந்தது என்று நிரல் எழுதியிருந்தால் இங்கே ஏமாறுவீர்கள். பிழைச் செய்தியை 200 பதிலுக்குள்ளேயே ‘எரர்’ என்ற உறுப்பாக வைத்து அனுப்புவது இங்கே சகஜம். எண்களே இல்லாமல் கேட்டாலும், ஹிஸ்டரியில் வைத்த தேடலைச் சுட்டும் வெப்என்வ் சரம் காலாவதியான பின் அதைக் கொடுத்தாலும், பின்னணித் தேடுபொறி தடுமாறினாலும் இப்படி வரக்கூடும். பதிவுகளை எடுப்பதற்குமுன் அந்த உறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதன் உரையைப் பதிந்துவிட்டு நிறுத்துங்கள். வெப்என்வ்வை இன்று எடுத்து நாளை பயன்படுத்தலாம் என்று சேமித்து வைக்காதீர்கள். தேடலைத் திரும்பச் செய்து புதிதாகப் பெறுவதே நல்லது.

தலைப்பு பாதியில் அறுந்து நிற்கிறது, சிலவற்றில் காலியாகவே இருக்கிறது

இது பிழைச் செய்தி தராது. ஆயிரம் பதிவில் ஐம்பதில் மட்டும் நடக்கும். உயிரியல் தலைப்புகளில் அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவார்கள், எக்ஸ்எம்எல்லிலும் அந்தக் குறி அப்படியே வரும். கண்ணாடி விரியன் நஞ்சு பற்றி இப்படியொரு தலைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்:

வெனம் ஆஃப் <ஐ>டபோயா ரஸ்ஸெலி</ஐ> ஃப்ரம் சவுத் இந்தியா

பைத்தானின் எக்ஸ்எம்எல் பகுப்பியான எலிமென்ட்ட்ரீயில் ‘டெக்ஸ்ட்’ என்று கேட்டால், முதல் உட்குறிக்கு முன்னால் உள்ள உரையை மட்டுமே தரும். கையில் கிடைப்பது ‘வெனம் ஆஃப்’. தலைப்பே பாம்பின் பெயரில் தொடங்கினால் முன்னால் எதுவுமில்லை, மதிப்பே இல்லை என்று பைத்தான் சொல்லும் ‘நன்’ வரும். எந்தப் பாம்பு என்ற தகவல்தான் அந்தத் தொகுப்பின் உயிர்நாடி. சரியாக அதுதான் காணாமல் போகிறது. ‘டெக்ஸ்ட்’டுக்குப் பதில் ‘இட்டர்டெக்ஸ்ட்’டை அழைத்து, வரும் துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள். மேல்குறி, கீழ்க்குறி எழுத்துகளுக்கும் இதே மருந்து. சுருக்கப் பகுதிக்கும் மறக்காமல் செய்யுங்கள்.

ஆய்வுச் சுருக்கத்தில் முதல் பத்தி மட்டும் இருக்கிறது

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்திய பிழை இது. முதல் தொகுப்பை விரிதாளாக்கி மருத்துவர்களிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருவர் அழைத்தார். “சார், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி போட்டாங்கன்னு ஒரு பேப்பர்லயும் காணோமே? நான் படிச்ச பேப்பர்ல எல்லாம் ரிசல்ட்ஸ்ல இருக்குமே?” என்று கேட்டார்.

விரிதாளைத் திறந்து பார்த்தேன். சுருக்கம் என்ற நெடுவரிசையில் வரிசைக்கு வரிசை முன்னுரை வாக்கியங்கள் மட்டும். பாம்புக்கடி ஒரு பெரும் சுகாதாரப் பிரச்சினை என்று எல்லாக் கட்டுரையும் தொடங்கியிருந்தது, அதற்குமேல் ஒன்றில்கூட எதுவும் இல்லை.

பல மருத்துவ இதழ்கள் சுருக்கத்தைப் பின்னணி, முறை, முடிவுகள், தீர்மானம் என்று பிரித்து எழுதச் சொல்கின்றன. பப்மெட் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு பிரிவும் தனி ‘அப்ஸ்ட்ராக்ட் டெக்ஸ்ட்’ உறுப்பு, பிரிவின் பெயர் அதன் ‘லேபிள்’ பண்பில் இருக்கும். நான் ‘ஃபைண்ட்’ போட்டிருந்தேன். அது முதல் உறுப்போடு திரும்பிவிடும். ‘ஃபைண்ட்ஆல்’ போட்டு, லேபிளையும் முன்னால் சேர்த்து எல்லாவற்றையும் கோக்க வேண்டும். பிரிக்காமல் எழுதிய சுருக்கங்களில் லேபிளே இருக்காது, அதற்கும் இடம் விடுங்கள்.

அன்றிலிருந்து எந்தத் தொகுப்பையும் கொடுப்பதற்குமுன் பத்துப் பதிவுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, பப்மெட் பக்கத்தைத் திறந்து வைத்து வரிவரியாக ஒப்பிடுகிறேன். அரை மணி நேரம் ஆகும். அதை நான் விடுவதில்லை.

ஆசிரியர் பெயரில் நிரல் செத்துப்போகிறது

நம்மூர்ப் பெயர்களால் அதிகம் வெளிப்படும் பிழை. ஒரே பெயர் கொண்டவர் தன் பெயரை முன்னெழுத்தில்லாமல் கொடுத்திருந்தால், ‘லாஸ்ட் நேம்’ மட்டும் இருக்கும். ‘ஃபோர் நேம்’ உறுப்பே இருக்காது. காலியாக அல்ல, அடியோடு இருக்காது. எல்லோர் பெயருக்கும் இரண்டு பகுதி உண்டு என்ற நினைப்பில் எழுதிய நிரல் இங்கே ‘நன்’னைத் தொட்டு விழும். ஆய்வுக் குழுவே ஆசிரியராக இருந்தால் இரண்டுமே இல்லாமல் ‘கலெக்டிவ் நேம்’ வரும்.

விழாமல் தாண்ட ‘ஃபோர் நேம்’ இல்லாதவர்களை விட்டுவிடும் நிரல்களும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். ஒற்றைப் பெயரோடு மட்டும் எழுதுகிற நம்மவர் ஒருவரின் உழைப்பு ஒரு ‘இஃப்’ வரியில் மறைந்துவிடும்.

டிஓஐ தப்பாக வருகிறது, கட்டுரையைவிட டிஓஐ அதிகமாக இருக்கிறது

டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாளம். பதிவின் எந்த ஆழத்தில் இருந்தாலும் எடு என்று இரட்டைச் சாய்கோடு போட்டு ‘ஆர்ட்டிக்கிள் ஐடி’யைத் தேடியிருப்பீர்கள். மேற்கோள் பட்டியலில் உள்ள கட்டுரைகளுக்கும் அதே பெயரில் உறுப்பு இருக்கிறது. அதனால் அடுத்தவர் கட்டுரையின் டிஓஐ உங்கள் கட்டுரைக்கு ஒட்டிக்கொள்ளும். ‘பப்மெட் டேட்டா’வுக்கு நேர் கீழே உள்ள ‘ஆர்ட்டிக்கிள் ஐடி லிஸ்ட்’டுக்கு முழுப் பாதை கொடுத்து எடுங்கள். பிஎம்ஐடிக்கும் இதே எச்சரிக்கை: திருத்தம், மறுப்பு, பின்னூட்டக் கட்டுரைகளின் எண்களும் பதிவுக்குள் கிடக்கும்.

தேதியை மாற்ற முடியவில்லை

மாதம் சில பதிவுகளில் ‘ஜன்’, சிலவற்றில் ‘01’, சிலவற்றில் இல்லவே இல்லை. பழைய இதழ்களில் ஆண்டு உறுப்புக்குப் பதில் ‘மெட்லைன் டேட்’ என்று “1998 டிச-1999 ஜன்” மாதிரி ஒரே சரமாக வரும். ஆண்டை மட்டும் உறுதியாக எடுத்துக்கொண்டு, மூலச் சரத்தையும் தனி நெடுவரிசையில் வைத்துவிடுங்கள். இல்லாத தேதிக்கு ஜனவரி 1 என்று நிரப்பாதீர்கள்.

200 கேட்டேன், 197 வந்தது

பப்மெட்டில் நூல் அத்தியாயங்களும் உண்டு. அவை ‘பப்மெட் ஆர்ட்டிக்கிள்’ என்ற பெயரில் வராமல் ‘பப்மெட் புக் ஆர்ட்டிக்கிள்’ என்று வரும், உள்ளமைப்பும் வேறு. முதல் பெயரை மட்டும் சுற்றிவரும் நிரல் மற்றதைத் தாண்டிப்போகும். கேட்ட எண்களின் செட்டிலிருந்து வந்த எண்களின் செட்டைக் கழியுங்கள். மீதி இருப்பவற்றை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றையும் உலாவியில் பாருங்கள். பதிவுகளைப் பொருத்தும்போதும் வரிசையை நம்பாமல் பிஎம்ஐடியை வைத்தே பொருத்துங்கள்.

எக்ஸ்எம்எல் நடுவில் முடிந்துவிட்டதாகப் பகுப்பி புகார் சொன்னால் இணைப்பு பாதியில் அறுந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 200 பதிவு என்று குறைத்துக்கொண்டு, அந்தத் தொகுதியை மட்டும் மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு தொகுதியும் தனிக் கோப்பாக இருந்தால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

பதில் யூடிஎஃப்-8. தலைப்புரையில் குறியாக்கம் சொல்லப்படாத உரைப் பதில்களை ரிக்வெஸ்ட்ஸ் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும், அதனால் ‘டெக்ஸ்ட்’டைக் கொடுக்காமல் ‘கன்டென்ட்’டின் பைட்டுகளைப் பகுப்பியிடம் நேராகக் கொடுங்கள். விண்டோஸில் கோப்பு எழுதும்போது குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால் கிரேக்க ஆல்ஃபா, பீட்டா வந்ததும் நிரல் விழும். சிஎஸ்வியை எக்செலில் திறக்கப் போகிறவர்களுக்கு ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று சேமித்துக் கொடுங்கள்.

நேற்று ஓட்டியதற்கும் இன்று ஓட்டியதற்கும் எண்ணிக்கை வேறு

பப்மெட்டில் தினமும் பதிவுகள் சேர்கின்றன, பழையவை திருத்தப்படுகின்றன. அதனால் இது பிழையாக இருக்க வேண்டியதில்லை. பதிவுகளைக் கொடுக்கும்போது மூன்றைச் சேர்த்தே கொடுங்கள்: அனுப்பிய தேடுசொல், பப்மெட் திருப்பித் தந்த குவரி டிரான்ஸ்லேஷன், ஓட்டிய தேதியும் நேரமும். முறைசார் மீளாய்வு எழுதுகிறவர்களிடம் இதழ் ஆசிரியர்கள் இவற்றைக் கேட்பார்கள். அந்த மருத்துவர் குழு கேட்டபோது என்னிடம் தேதி இருந்தது, மற்ற இரண்டும் இல்லை. முழுத் தேடலையும் மறுபடி ஓட்டித்தான் கொடுத்தேன்.